டிராக்டர் டிப்பரின் கொக்கிப் பராமரிப்பு: துடைப்பது முதல் திரும்ப மாட்டுவது வரை

கொக்கிக்குக் கிரீஸ் வை என்று புதிதாக வந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். நேராகக் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார். நிப்பிளில் மாட்டி நாலு அழுத்து, பின்னின் மேல் ஒரு கை கிரீஸ் அப்பல், வேலை முடிந்தது. இந்த வழிகாட்டியில் கிரீஸ் கன் ஏழாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள ஆறையும் தாண்டிவிட்டு வைக்கிற கிரீஸ், தேய்மானத்தைக் குறைக்காது, மறைக்கும்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊருக்கு ஊர் மாறும். டிராக்டரின் பின்பக்கம் துளையோடு நிற்கும் இரட்டைத் தகட்டைக் கொக்கி என்கிறேன். டிப்பர் பெட்டியிலிருந்து முன்னால் நீளும் இரும்பு டிரா பார். அதன் நுனியில் உள்ளது வளையம். இரண்டையும் சேர்ப்பது பின். பின் கழன்று வராமல் தடுக்கும் சின்னக் கிளிப் லின்ச் பின். கிரீஸ் கன்னை மாட்டிக் கிரீஸை உள்ளே ஏற்றும் சின்ன முனை நிப்பிள்.

1. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கம்பி பிரஷ், பழைய ஸ்க்ரூடிரைவர், அரை லிட்டர் டீசல், நிறைய பனியன் வேஸ்ட், ஒரு துண்டு சாக்பீஸ், தடிமன் அளக்கும் வெர்னியர், கிரீஸ் கன், சக்கரத்துக்கு இரண்டாக மரக்கட்டைகள், டிரா பாருக்கு முட்டுக் கொடுக்க உறுதியான ஸ்டாண்ட், ஒரு ஜாக்கி. வெர்னியர் இல்லையென்றால் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண் மதிப்பு இந்த வேலையில் உதவாது.

புது நிப்பிள் இரண்டும் லின்ச் பின் இரண்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். நிப்பிளில் மரை அளவு பல உண்டு. பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நிச்சயமான வழி. இரண்டும் சில்லறைச் சமாச்சாரம்தான். அது கையில் இல்லாத நாளில்தான் லின்ச் பின்னுக்குப் பதில் ஆணியை வளைத்து மாட்டுகிறோம், மறுநாள் மாற்றலாம் என்று. அந்த மறுநாள் அறுவடை முடிகிற வரை வராது.

கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம். அருகே யாராவது பீடி பற்றவைத்தால் போதும்.

2. நிறுத்துவதும் முட்டுக் கொடுப்பதும்

சமதரையில் நிறுத்துங்கள். வரப்போரம், வாய்க்கால் சரிவு, ஈரக்களம் எதுவும் ஆகாது. பெட்டி காலியாக இருக்கட்டும், தூக்கிய நிலையில் இருக்கக் கூடாது. டிரெய்லரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பெட்டி ஏன் காலியாக இருக்க வேண்டும்? இரண்டு சக்கர டிப்பரில் பாரத்தின் ஒரு பகுதி கொக்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் பின்பக்கம் அதிகமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பின்னை உருவிய கணத்தில் டிரா பார் மேலே எகிறும். அதன் மேல் குனிந்து நிற்பவரின் தாடை அங்கேதான் இருக்கும். செங்கல்லைப் பாதி இறக்கிவிட்டு, மீதி பின்பக்கம் இருக்கும்போதே கழற்றப் போன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தலையைச் சற்று விலக்கியிருந்ததால் தொப்பி மட்டும் பறந்தது.

பாரம் முன்பக்கம் இருந்தால் டிரா பார் காலில் விழும். அதனால் காலி பெட்டியானாலும், பின்னை உருவும் முன்பே டிரா பாருக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிடுங்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள். பாரம் சரிந்து விழும்போது செங்கல் பொடிந்துபோகும்.

3. கழற்றுவது

டிப்பர் ஹோஸைக் கழற்றும் முன் இன்ஜினை நிறுத்தி, ஹைட்ராலிக் லிவரை இரண்டு மூன்று முறை முன்பின் தள்ளுங்கள். உள்ளே தங்கிய அழுத்தம் இறங்கும். ஹோஸ் நுனிக்கு உடனே மூடி போடுங்கள். மூடி இல்லையா, சுத்தமான பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். அதன் வழியே போகிற மண் நேராக டிராக்டரின் ஹைட்ராலிக்குக்குள் போகும். அப்புறம் விளக்கு ஒயரின் பிளக்கை உருவுங்கள்.

இப்போது பின். வரவில்லை என்றால் பலரும் சம்மட்டியைத் தேடுவார்கள். தேட வேண்டாம். முக்கால்வாசி நேரம் பின் துருவால் இறுகவில்லை, இழுவையில் இறுகியிருக்கிறது. டிராக்டரை ஒரு விரல்கடை பின்னால் எடுத்து நிறுத்தினால் பின் தானாகத் தளரும். அப்படி எடுக்கும்போது டிராக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆள் நிற்கக் கூடாது. நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்து, டிரைவர் இறங்கிய பிறகுதான் கை உள்ளே போகலாம்.

உண்மையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தால் டீசலை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். கேஸ் வெல்டிங் தீயால் சுடுவது வேண்டாம். கிரீஸும் டீசலும் பற்றும் என்பது ஒன்று. சூட்டில் பின்னின் பதம் போய்விடும் என்பது இன்னொன்று.

4. துடைப்பது

மொத்த நேரத்தில் பாதியை இங்கே செலவழியுங்கள். சோம்பலும் இங்கேதான் வரும்.

பழைய கிரீஸைத் தொட்டு இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் அது இனி கிரீஸ் இல்லை, வால்வு கிரைண்டிங் பேஸ்ட். எண்ணெயோடு கலந்த மணல் இரும்பைத் தேய்க்கவே பயன்படும். அதன் மேல் புதுக் கிரீஸை வைத்தால் மணல் இன்னும் உள்ளே போகும்.

வரிசை இது. முதலில் ஸ்க்ரூடிரைவரால் கெட்டிக் கிரீஸைச் சுரண்டி எடுங்கள். பிறகு கம்பி பிரஷ். பிறகு டீசலில் நனைத்த வேஸ்ட். கடைசியாக உலர்ந்த வேஸ்ட். டீசலை அப்படியே விட்டுவிட்டுக் கிரீஸ் வைக்கக் கூடாது. டீசல் கிரீஸை இளக்கி வழிய வைத்துவிடும். பிரஷ் போடும்போது நிப்பிளின் தலையை விட்டுவிடுங்கள். அதன் நுனியில் சின்னக் குண்டு ஒன்று ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றிய மண்ணைத் துணியால் துடைத்தால் போதும்.

டெல்டாப் பக்கம் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சேற்று வயலில் இறங்கிய வண்டியில் களிமண் வளையத்தின் உள்பக்கம் காய்ந்து ஓடாக ஒட்டியிருக்கும். தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க முடியும். உரமூட்டை ஏற்றிய பெட்டி இன்னும் மோசம். பொட்டாஷ் ஓர் உப்பு. சிந்திய பொட்டாஷ் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். அதற்கு டீசல் வேலைக்கு ஆகாது, உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிட்டு, பிறகு டீசல்.

5. அளப்பதும் விரிசல் பார்ப்பதும்

இரும்பு பளிச்சென்று தெரியும்போதுதான் இதைச் செய்ய முடியும். கிரீஸ் பூசிவிட்டால் எல்லாப் பின்னும் புதுசு போலத்தான் இருக்கும்.

பின் சுற்றிலும் ஒரே சீராகத் தேயாது. இழுவை விழும் பக்கம் பள்ளமாகும். நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் தட்டும் இடம் தெரியும். அந்த இடத்தில் ஓர் அளவு, தேயாத தலைப்பகுதியில் ஓர் அளவு எடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நான் பின்னை மாற்றிவிடுவேன். அதாவது 30 மி.மீ. பின் 27 மி.மீ.க்கு வந்தால் போதும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் அதற்குள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இரும்பு போயிருக்கும்.

வளையத்தை முன்பின்னாக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை அளங்கள். புதிதில் இரண்டும் ஒன்றாக இருக்கும். தேயத் தேய முட்டை வடிவம் ஆகும். என் கணக்கில் 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் கண் வைக்க வேண்டும், 5 வந்தால் வளையத்தையோ உள்ளே உள்ள புஷ் என்ற இரும்பு உறையையோ மாற்ற வேண்டும். கொக்கித் தகட்டின் துளைகளுக்கும் இதே கணக்கு. டிராக்டர் கையேட்டில் வேறு அளவு தந்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர்கள் உண்டு. தளர்வு இருந்தால் ஒவ்வொரு கியருக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் டன் கணக்கான பாரம் அந்த இடைவெளியைத் தாண்டி வந்து பின்னில் மோதும். இழுக்கிற பாரம் வேறு, இடிக்கிற பாரம் வேறு. பின்னை முறிப்பது பெரும்பாலும் இந்த இடிதான்.

அடுத்தது விரிசல். டிரா பார் பெட்டியோடு சேரும் வெல்டிங், வளையத்தின் கழுத்து, கொக்கியின் போல்ட் துளைகளைச் சுற்றி, இந்த மூன்று இடங்கள். பெயிண்டின் மேல் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்யச் சின்ன வித்தை ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு டீசல் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். எதுவும் தெரியவில்லை என்றால் சுத்தியலால் மெல்லத் தட்டி இன்னொரு முறை பாருங்கள்.

கோடு விழுந்தால் வேலையை இங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். தேய்ந்த பின்னின் மேல் வெல்டிங்கை நிரப்பிக் கடைந்து கொடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வெல்டிங் சூட்டில் அதை ஒட்டிய இரும்பு நொறுங்கும் தன்மைக்கு மாறி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பின்னுக்குப் பதிலாகச் சாதா போல்ட்டும் வேண்டாம். மரை வெட்டிய ஒவ்வொரு பள்ளமும் முறிவதற்குத் தயாராக வைத்த கோடு.

6. எந்தக் கிரீஸ்

கடையில் ஏபி 3 என்று கேட்டால் பொதுவாக லித்தியம் கிரீஸ் தருவார்கள். அந்த 3 கெட்டித்தன்மையின் எண். அளவுகோல் 000 என்ற கூழ் நிலையிலிருந்து 6 என்ற கட்டி நிலை வரை போகும். 2ஆம் எண் கன்னில் எளிதாக ஓடும், 3ஆம் எண் நம் வெயிலுக்கு வழியாமல் நிற்கும். கொக்கிக்கு இரண்டுமே சரி.

சேஸிஸ் கிரீஸ் என்று மலிவாகக் கிடைக்கும் கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் சுமார் 100 டிகிரியிலேயே இளகிவிடும். லித்தியம் இளகச் சுமார் 180 டிகிரி ஆகும். கொக்கியில் சூடு இல்லை என்பதால் கால்சியம் போதும். சக்கர பேரிங்கில் அதை வைத்தால் வழிந்து ஓடும். இரண்டு டப்பா வைத்துக் குழப்பிக்கொள்வதைவிட எல்லாவற்றுக்கும் லித்தியம் என்று இருந்துவிடுவது நல்லது.

கலக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு ஒன்றில் பிடித்து வைத்தது, ஸ்பாஞ்சு தண்ணீரைப் பிடிப்பது போல. ஒத்துப்போகாத இரண்டு சோப்பு சேர்ந்தால் பிடி விட்டு எண்ணெய் தனியே வடிந்துவிடும். நிறத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிக்க முடியாது, நிறம் கம்பெனி சேர்ப்பது. வகை மாற்றினால் பழையது முழுக்க வெளியே வரும்வரை அழுத்துங்கள்.

பாரம் மிக அதிகம் ஏற்றும் கரும்பு வண்டிகளுக்கு, மாலிப்டினம் கலந்த கருஞ்சாம்பல் நிறக் கிரீஸ் பின்னிலும், முன்அச்சு திரும்பும் டர்ன்டேபிளிலும் நல்ல பலன் தரும். எண்ணெய்ப்படலம் நசுங்கிப் போனாலும் அந்தத் தூள் இரும்புக்கு நடுவே தங்கும்.

இன்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைப் பூசுவது நம் ஊரில் எங்கும் உண்டு. அதில் புகைக்கரியும் இரும்புத் தூளும் இருக்கின்றன, ஒரு மழையில் வழிந்துவிடும், கைத் தோலுக்கும் கேடு.

7. நிப்பிளில் கிரீஸ் ஏற்றுவது

கன்னில் காற்று தங்கியிருந்தால் எத்தனை அழுத்தினாலும் ஒன்றும் வராது. முதலில் ஒரு துணி மேல் அழுத்திப் பாருங்கள். கிரீஸ் இடைவிடாமல் நூலாக வந்தால் சரி. இல்லாவிட்டால் தலையை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, காற்று போனதும் இறுக்குங்கள்.

முதலில் வருகிற சொட்டையும் நிப்பிள் தலையையும் துடைத்துவிட்டு நேராக மாட்டுங்கள், சாய்த்து மாட்டினால் வெளியே பிதுங்கும். மெதுவாக அழுத்திக்கொண்டே மூட்டின் ஓரத்தைப் பாருங்கள். முதலில் கறுப்பாகப் பழையது வரும், பிறகு கலங்கலாக, பிறகு புதுக் கிரீஸின் நிறத்தில். அந்த நிறம் வந்ததும் நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய வளையமாக நிற்பதை விட்டுவைக்கலாம், அது தூசியைத் தடுக்கும். மீதியைத் துடையுங்கள்.

எதுவும் வராமல் கன் இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். கைக் கன்னிலேயே பல ஆயிரம் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் எழும். ஹோஸில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தால், அந்தக் கிரீஸ் தோலைத் துளைத்து விரலுக்குள் போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. கசிகிற ஹோஸை விரலால் அடைத்துப் பார்க்கவே கூடாது.

இறுகும் நிப்பிளைக் கழற்றி, குண்டைக் கம்பியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் திரும்பவில்லை என்றால் புதிது மாட்டுங்கள். நிப்பிளைக் கழற்றிய துளையில் நேராக அழுத்தியும் போகவில்லையா, அடைப்பு பாதையில் இருக்கிறது. டீசல் விட்டு ஊறவைத்துக் கம்பியால் குத்தி எடுங்கள்.

8. பின்னும் வளையமும்

இங்கே நிப்பிள் கிடையாது, கைதான். பின்னைச் சுற்றி ஒரு மெல்லிய பூச்சு, வளையத்தின் உள்பக்கம் ஒன்று, கொக்கித் தகட்டின் உள்முகங்களில் ஒன்று. இரும்பு நிறம் மறைந்தால் போதும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இந்தப் படியில். நிறைய வைத்தால் நிறைய நாள் வரும் என்று நினைக்கிறார்கள். திறந்த மூட்டில் தடித்த கிரீஸ், மண்ரோட்டுத் தூசியையும் வைக்கோல் துகளையும் பிடித்து வைக்கும். கொஞ்சமாக, அடிக்கடி. செம்மண் ரோட்டில் செங்கல் அடிக்கும் வண்டியாக இருந்தால் இன்னும் மெல்லிசாக வைத்துத் தினமும் துடைத்துப் பூசச் சொல்வேன்.

பின்னை ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கால் சுற்று திருப்பி மாட்டுங்கள். ஒரே பக்கம் பள்ளம் விழாமல் தேய்மானம் பரவும். கைப்பிடி பற்றவைத்த பின்னாக இருந்தால் திரும்பாது, அதை விட்டுவிடுங்கள்.

9. நாலு சக்கர டிரெய்லர் என்றால்

டிரா பார் மேலும் கீழும் அசையும் கீல் பின்களுக்கும், முன்அச்சு திரும்பும் டர்ன்டேபிளுக்கும் தனியே கிரீஸ் வேண்டும். டர்ன்டேபிளில் பாரம் உட்கார்ந்திருக்கும்போது அழுத்தினால் கிரீஸ் எளிதான பக்கம் மட்டும் போகும், அழுந்திய பக்கம் வறண்டே இருக்கும். அதனால் சேஸிஸை ஜாக்கியால் சற்றுத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரா பாரை ஒருவர் இடமும் வலமுமாகத் திருப்ப, இன்னொருவர் ஒவ்வொரு நிப்பிளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றட்டும்.

10. கிரீஸ் படக்கூடாத இடங்கள்

சக்கர நட்டின் மரையில் வேண்டாம். வழுக்கும் மரையில் அதே பலத்துக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும், கடைசியில் அறுந்துபோகும். பிரேக் டிரம், ஷூ பக்கம் கிரீஸ் கையையே கொண்டுபோகாதீர்கள். ஹைட்ராலிக் கப்ளிங் நுனிக்கும் கிரீஸ் ஆகாது, சுத்தமான துணி மட்டும்.

விளக்கு பிளக்கின் பின்களுக்கு வாசலின் மெல்லப் பூசலாம். கொக்கிக்குக் கிரீஸ் வைத்த அன்று இரவே பின்விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டது என்று சிலர் வருவார்கள். பல பெட்டிகளில் எர்த் ஒயர் அறுந்திருக்கும், கரண்ட் கொக்கியின் இரும்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கும். இரும்புக்கு நடுவே கிரீஸ் வந்ததும் அந்த வழி அடைபடுகிறது. கிரீஸைத் துடைக்காதீர்கள், எர்த் ஒயரைச் சரிசெய்யுங்கள்.

11. திரும்ப மாட்டுவது

பின்னை எப்போதும் மேலிருந்து கீழே போடுங்கள். லின்ச் பின் விழுந்தாலும் தன் எடையில் அது கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்கும். லின்ச் பின்னின் வளையம் டக்கென்று மடங்கிப் பூட்ட வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங் என்றால் மாற்றுங்கள்.

பாதுகாப்புச் சங்கிலியை டிரா பாருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு, தரையில் தேயாத அளவு இறுக்கம். சங்கிலிக்குக் கிரீஸ் தேவையில்லை.

வளையம் உயரத்துக்கு வரவில்லை என்று டிராக்டரின் பின்னால் மேலே டாப் லிங்க் என்ற கம்பி மாட்டும் இடத்தில் கோத்து இழுப்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். இழுவை பின்அச்சுக்கு மேலே போனால் முன்சக்கரம் தரையை விட்டு எழும், டிராக்டர் டிரைவர் மேலேயே கவிழும்.

கட்டைகளையும் ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு, ஹோஸ், விளக்கு, சங்கிலி மூன்றும் சரியா என்று பாருங்கள். காலி பெட்டியோடு ஒரு கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். கியர் மாற்றும்போது பின்னால் டங்கென்று சத்தம் கேட்டால் ஐந்தாம் படியில் அளந்தது தவறு, இன்னொரு முறை அளக்க வேண்டும். திரும்பி வந்து லின்ச் பின்னைத் தொட்டுப் பாருங்கள்.

12. எத்தனை நாளுக்கு ஒருமுறை

பின்னையும் லின்ச் பின்னையும் தினமும் காலையில் பார்க்க வேண்டும். பூச்சைப் பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதுப்பிக்கலாம். நிப்பிள்களுக்கு வாரம் ஒருமுறை, டர்ன்டேபிளுக்கு ஐம்பது மணிக்கு ஒருமுறை. அளப்பதும் விரிசல் பார்ப்பதும் வருடத்துக்கு இரண்டு தடவை. எங்களுக்கு அது பொங்கலை ஒட்டிய சம்பா அறுவடைக்கு முன்னும், ஐப்பசி மழைக்கு முன்னும் வரும். சேற்றிலோ வெள்ளத்திலோ இறங்கிய நாளில் மட்டும் கணக்குப் பார்க்காமல் அன்று மாலையே துடைத்துக் கிரீஸ் ஏற்றிவிடுங்கள். உள்ளே புகுந்த தண்ணீரைப் புதுக் கிரீஸ் வெளியே தள்ளும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் துரு தொடங்கியிருக்கும்.

கிரீஸ் வைத்த நேரத்தை டிராக்டரின் மணி மீட்டரில் பார்த்து மட்கார்டின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வையுங்கள். வண்டியை ஓட்டுபவர் மாறினாலும் எண் அங்கே இருக்கும்.